காது இரைச்சலையும் கவனியுங்கள்

ஆசிரியருக்கு,

விசைத்தறி ஓட்டியே வயதானவர்கள் பலருக்கு எங்கள் ஊரில் காது மந்தம். அதைவிட அவர்களை வாட்டுவது, தறி நின்ற பிறகும் காதுக்குள் ஓயாத ‘ஙொய்’ என்ற இரைச்சல். என் அப்பா மார்கழிக் குளிரிலும் ஃபேனைப் போட்டுக்கொண்டுதான் படுப்பார். அந்தச் சத்தம் இல்லாவிட்டால் இரைச்சல் தூங்க விடாது. மருத்துவமனைக்குப் போனால் "வயசானா அப்படித்தான்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். மனசு கொதிக்கிறது.

காது மந்தமாகி மூளைக்கு எட்டும் வெளி ஒலி குறையும்போது, ரேடியோவில் சத்தத்தைக் கூட்டுவதுபோல மூளை தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்வதால் இந்த இரைச்சல் வருகிறது என்பதே பரவலான விளக்கம். அதனால்தான் சரியாகப் பொருத்திய காதுக் கருவி பலருக்கு இரைச்சலையும் தணிக்கிறது. மனநல ஆலோசனையும் உளைச்சலைக் குறைக்கும். அடியோடு நீக்கும் மாத்திரை எதுவும் இல்லை. விளம்பரங்களை நம்பிக் காசைக் கரைக்காதீர்கள். திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் மட்டும் அன்றே மருத்துவரிடம் ஓடுங்கள்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இரு காதிலும் 60 டெசிபல் (ஒலியை அளக்கும் அலகு) இழப்பிலிருந்துதான் கேள்திறன் குறைந்தவர் என்கிறது. 45, 50 டெசிபலில் இரைச்சலோடு தவிப்பவர்கள் அந்தக் கணக்கிலேயே வருவதில்லை. தறித் தொழிலாளர்களுக்கு ஆண்டுதோறும் செவிப் பரிசோதனையும், தேவைப்படுவோருக்கு இலவசக் கருவியும் அரசு வழங்க வேண்டும்.

- ஒரு வாசகர், பள்ளிபாளையம்