செயலாளரின் ஆண்டறிக்கை: 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, இன்று வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

லண்டனுக்குக் கிழக்கே தேம்ஸ் ஆற்றின் இரு கரைகளிலும், டில்பரியிலும் கிரேவ்ஸெண்டிலும், வாழும் தமிழ்க் குடும்பங்களின் துறைமுக நினைவுகளைத் திரட்டி வைப்பதற்காகத் தொடங்கிய நம் வரலாற்று வட்டத்தின் ஆறாவது ஆண்டறிக்கையைச் சபையின் முன் வைக்கிறேன்.

இவ்வாண்டு பத்துக் கூட்டங்கள் திட்டமிடப்பட்டு ஏழு நடைபெற்றன. இரண்டு கூட்டங்கள் போதிய உறுப்பினர் வராமையாலும், ஒன்று மண்டபச் சாவி கிடைக்காமையாலும் நடைபெறவில்லை. ஜூன் 22 அன்று, 1948இல் விண்ட்ரஷ் கப்பலில் கரிபியன் தீவுகளிலிருந்து வந்தவர்கள் டில்பரியில் இறங்கிய நாளை நினைவுகூரும் நிகழ்வில் நம் சார்பில் மூவர் கலந்துகொண்டனர். செப்டம்பரில் டில்பரிக் கோட்டைக்கு ஒரு சுற்றுலா சென்றுவந்தோம், மழை பெய்தது. கிழக்கு டில்பரியில் இயங்கிய பாட்டா காலணித் தொழிற்சாலை பற்றியும், 1953 ஜனவரி 31 இரவு கடல் பொங்கி இவ்வூருக்குள் புகுந்தது பற்றியும் இரண்டு உரைகள் நிகழ்ந்தன. பொங்கல் விழா வழக்கம்போல் சிறப்பாக நடைபெற்றது.

வருகை குறைந்ததற்கு நியாயமான காரணம் ஒன்று உண்டு. மற்றக் காரணங்கள் அவ்வளவு நியாயமானவை அல்ல என்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2024 மார்ச் இறுதியோடு டில்பரிக்கும் கிரேவ்ஸெண்டுக்கும் இடையே ஓடிய பயணிகள் படகு நின்றுபோனது. ஆற்றுக்கு அடியில் செல்லும் தார்ட்ஃபோர்ட் சுரங்கப்பாதை 1963இல் திறக்கப்பட்டதால் கார் ஏற்றும் படகு 1964 முடிவிலேயே நின்றுவிட்டது. ஆள் ஏற்றும் படகு மட்டும் அதன் பிறகும் அறுபது ஆண்டுகள் தாக்குப்பிடித்தது. அக்கரை வீடுகளின் விளக்கு தெரியும் தூரத்தை, பத்து நிமிடத்துக்குள் கடந்த தூரத்தை, இப்போது தார்ட்ஃபோர்ட் வழியே சுற்றிவந்து கடக்க வேண்டியிருக்கிறது. இவ்வறிக்கை ஆண்டில் காரில் வந்தவர் போக 2.50 பவுண்டு, திரும்ப 2.50 பவுண்டு கடவைக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. கார் இல்லாதவர் பேருந்து மாறி மாறி அரை நாளைத் தொலைக்க வேண்டும். ஆகவே கிரேவ்ஸெண்ட் உறுப்பினர்கள் மீது எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் இந்த மண்டபத்திலிருந்து நடக்கும் தூரத்தில், டில்பரிக் கரையிலேயே குடியிருக்கும் உறுப்பினர்களும் படகு நின்றதைக் காரணமாகச் சொல்லக் கேட்டபோது என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அக்டோபர்க் கூட்டத்துக்கு நால்வர் வந்திருந்தோம். அவர்களில் இருவர் கிரேவ்ஸெண்டிலிருந்து வந்தவர்கள்.

இனி, இவ்வாண்டின் முதன்மைப் பணியாகிய கப்பல் நினைவுகள் பதிவுத் திட்டம் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டும். இதற்கு நான்கு பேர் கொண்ட குழு அமைக்கப்பட்டது. நால்வரில் ஒருவர் கனடாவிலுள்ள மகளிடம் சென்றுவிட்டார், ஒருவருக்கு முழங்கால் சிகிச்சை, மற்றொருவரைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. எஞ்சியவன் செயலாளர்.

கொழும்பிலிருந்து பி அண்ட் ஓ, ஓரியன்ட் லைன் நிறுவனங்களின் கப்பல்களில் ஏறி, ஏடன், சூயஸ், போர்ட் சைட் வழியாக டில்பரியில் வந்து இறங்கிய முதியோர் பதினான்கு பேரின் நினைவுகள் ஒலிப்பதிவு செய்யப்பட்டுள்ளன. ஓரோன்சே, ஓர்சோவா, ஹிமாலயா என்று கப்பற் பெயர்களை அவர்கள் பிள்ளைகளின் பெயர்போல் சொல்கிறார்கள். பதினான்கு பதிவுகளில் பதினொன்றில், போர்ட் சைட்டில் கப்பலேறி வந்து சட்டைக் கையிலிருந்து கோழிக்குஞ்சு எடுத்துக் காட்டிய எகிப்திய வித்தைக்காரர் வருகிறார். அவர் உண்மையில் இருந்தவர்தான். எனினும் இனிப் பேட்டி எடுப்பவர்கள், அப்படி ஒருவர் கிடைத்தால், கோழிக்குஞ்சைத் தாண்டி மற்றக் கேள்விகளுக்கு விரைவில் போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நினைவைப் பதிந்தால் மட்டும் போதாது, ஆவணத்தோடு ஒப்பிட வேண்டும் என்பது தொடக்கம் முதலே என் நிலைப்பாடு. இதைச் சிலர் முதியோரைச் சந்தேகிப்பதாக எடுத்துக்கொண்டார்கள். ஓர் உதாரணம் சொல்கிறேன். 1959இல் வந்த ஓர் ஐயா, தாம் இறங்கியது சவுத்தாம்ப்டன் என்று உறுதியாகச் சொன்னார். “நான் சவுத்தாம்ப்டனிலைதான் இறங்கினனான், தம்பி. எனக்கு மறதி இல்லை” என்றார். நான் மறுக்கவில்லை. இறங்கிய பின் ரயில் லண்டனில் எந்த நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டது என்று மட்டும் கேட்டேன். “சென்ட் பாங்க்ரஸ்” என்றார், யோசிக்காமல். சவுத்தாம்ப்டன் கப்பல் ரயில் வாட்டர்லூவுக்குப் போகும். சென்ட் பாங்க்ரஸுக்குக் கப்பல் ரயில் ஓடியது இங்கே, இந்த டில்பரி ரிவர்சைட் நிலையத்திலிருந்து. 1992இல் மூடப்பட்ட அந்த நிலையத்தின் பழைய படத்தைக் காட்டியதும் அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் பயணிகள் பட்டியலிலும் டில்பரி என்றே கிடைத்தது. 1960களின் முடிவில் பயணிகள் கப்பல்கள் சவுத்தாம்ப்டனுக்கு மாற்றப்பட்டன. அதன்பின் உறவினரை வழியனுப்பவும் வரவேற்கவும் அவர் போனதெல்லாம் அங்கேதான். பிந்திய துறைமுகம் முந்தியதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. இது அவருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 1888இல் தாம் சவுத்தாம்ப்டனில் இறங்கியதாகக் காந்தியே தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். இறங்கியது டில்பரியில் என்று பின்வந்த ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

மாறாக, பொய்யென்று தோன்றுவது மெய்யாவதும் உண்டு. கப்பலிலிருந்து கரைக்கு வரும் பாலம் செங்குத்தாக ஏறியது என்று ஒருவரும், சமதளமாக இருந்தது என்று இன்னொருவரும் சொன்னார்கள். இருவர் சொல்வதும் சரி. 1930இல் அன்றைய பிரித்தானியப் பிரதமர் ராம்சே மக்டொனால்ட் திறந்துவைத்த நம் இறங்குதுறை ஆற்றில் மிதப்பது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடலேற்றம் மிகும் நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஆறு சுமார் 6 மீட்டர் உயர்ந்து தாழும்போது துறையும் கூடவே உயர்ந்து தாழும். பாலத்தின் சரிவு, கப்பல் வந்த நேரத்தைப் பொறுத்தது.

இந்த ஒப்பீட்டுக்காகவே லண்டனில் கியூ என்னும் பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு நான்கு முறை சென்றேன். அந்தப் பயணச் செலவு குறித்துச் செயற்குழுவில் எழுந்த கேள்விக்கு இங்கே பதில் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். பயணிகள் பட்டியல்களை வீட்டிலிருந்தே இணையத்தில் பார்க்கலாமே என்றார்கள். பார்க்கலாம், சந்தா கட்டினால். காப்பகத்தின் கணினியில் இலவசம். ஒரு மாதச் சந்தாவையும் ஒரு நாள் ரயில் கட்டணத்தையும் ஒப்பிட்டுக் கணக்குப் போட்டவர்கள், நம் பெயர்கள் அங்கே எந்தக் கோலத்தில் இருக்கின்றன என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை. தகப்பன் பெயர் குடும்பப் பெயராகி, சொந்தப் பெயர் முதலெழுத்தாகச் சுருங்கி, அதிலும் தட்டச்சுப் பிழை புகுந்திருக்கும். ஒரே ஓர் அம்மாவின் பெயரைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு முழு நாட்கள் ஆயின. அவர் 1957இல் இரண்டு வயதுக் குழந்தையோடு கணவரிடம் வந்தவர். அச்செடுத்த தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தாளை முகத்துக்கு அருகே பிடித்து, வயது, வகுப்பு, போய்ச்சேரும் முகவரி என்று ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் படித்தார். தொழில் என்ற கட்டத்தில் ‘ஹவுஸ்வைஃப்’ என்றிருந்தது. யாழ்ப்பாணத்தில் எட்டு ஆண்டுகள் படிப்பித்தவர் அவர். “எழுதினவர் என்னைக் கேட்கேல்லை” என்று சொல்லி, என் சட்டைப்பையிலிருந்த பேனாவை வாங்கி, அந்தச் சொல்லை ஒரே கோடாக வெட்டி, மேலே ‘ஆசிரியை’ என்று தமிழில் எழுதித் திருப்பித் தந்தார். அந்தத் தாள் இப்போது நம் கோப்பில் இருக்கிறது. ஆவணத்தில் பேனா வைக்கக் கூடாது என்று ஆட்சேபித்த உறுப்பினருக்கு, அது நகல் என்பதை மீண்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.

கப்பலில் வந்தோர் பட்டியல்கள் 1878 முதல் 1960 வரைதான் இருக்கின்றன. அதன் பின் உள்ளவை பாதுகாக்கப்படவில்லை. நம் முதியோரில் கணிசமானவர்கள், வருகையைக் கட்டுப்படுத்திய பொதுநலவாயக் குடிவரவுச் சட்டம் 1962 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வருமுன் எப்படியாவது வந்துசேர்ந்துவிட வேண்டும் என்று 1961இலும் 1962 முற்பாதியிலும் புறப்பட்டவர்கள். இலங்கையில் தனிச் சிங்களச் சட்டமும் 1958 கலவரமும் பார்த்தவர்கள். அவர்கள் வந்ததற்குத் தேடிப் பார்க்கப் பட்டியல் கிடையாது. அவர்கள் வாய்மொழியும், றங்குப் பெட்டியில் ஒட்டிய சீட்டும், கப்பலில் வைத்திருந்த உணவுப் பட்டியலும்தான் இருக்கின்றன. பட்டியலில் இருப்பவர்களை அடுத்த ஆண்டும் தேடலாம். பட்டியலில் இல்லாதவர்களைப் பதிவதற்காக ஒதுக்கியிருந்த ஆறு சந்திப்புகளில் இரண்டே நடந்தன. காரணம், நம் ஒரே ஒலிப்பதிவுக் கருவி செப்டம்பரில் ஓர் உறுப்பினரின் இல்ல விழாவுக்கு இரவலாகச் சென்று இன்னும் திரும்பவில்லை. இதற்கிடையே, பதிவுக்கு நாள் குறித்திருந்த ஓர் ஐயா ஜனவரியில் காலமாகிவிட்டார். அவர் 1961இல் வந்தவர்.

கணக்குகளைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். பொதுவாகச் சொன்னால், வரவு சென்ற ஆண்டைவிடக் குறைவு, செலவு ஏறக்குறைய அதேயளவு, கையிருப்பு மண்டப வாடகைக்குச் சில மாதங்களுக்குப் போதுமானது. ஆண்டுச் சந்தா 15 பவுண்டு. முப்பத்து நான்கு உறுப்பினர்களில் பதின்மூவர் செலுத்தியுள்ளனர். எஞ்சியோர் பெயர்களை வாசிக்கும் எண்ணம் எனக்கு இல்லை. பட்டியல் பொருளாளரிடம் இருக்கிறது, அது 1960க்குப் பிந்தியதாயினும் பத்திரமாகப் பாதுகாக்கப்படுகிறது.

தம் பல அலுவல்களுக்கிடையே இரண்டு கூட்டங்களுக்குத் தலைமை தாங்கிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளருக்கும், தேநீரும் வடையும் தவறாமல் கவனித்த சகோதரிகளுக்கும், மண்டபக் காவலருக்கும், கதவைத் திறந்து உட்காரவைத்துப் பேசிய பதினான்கு முதியோருக்கும் வட்டத்தின் சார்பில் நன்றி.

அடுத்த ஆண்டுக்கான செயலாளர் தேர்வு இன்று நிகழ்ச்சி நிரலில் ஏழாவதாக உள்ளது. ஆறு ஆண்டுகள் ஒருவரே இப்பொறுப்பில் இருப்பது ஆரோக்கியமானதல்ல என்று சிலர் கருதுவதாக அறிகிறேன். அக்கருத்தை மதிக்கிறேன், பொறுப்பை மகிழ்ச்சியோடு ஒப்படைக்கவும் ஆயத்தமாக இருக்கிறேன். ஏற்பவர் மாதம் இரண்டு சனிக்கிழமைகளும், ஒரு காரும், கேட்கும் பொறுமையும் உடையவராக இருந்தால் போதும். முன்மொழிவு எதுவும் இதுவரை எழுத்தில் வரவில்லை. எவரும் முன்வராவிடின், இரு நிபந்தனைகளோடு நான் தொடர்வதைப் பற்றி யோசிக்கலாம்: பதிவுக் குழுவில் என்னோடு உண்மையாகவே வரக்கூடிய இருவர் சேர வேண்டும், 1961, 1962இல் வந்த எஞ்சிய முதியோரின் வீடுகளுக்கு இந்தக் கோடை முடிவதற்குள் போய்விட வேண்டும். அவர்களில் நால்வர் கிரேவ்ஸெண்டில் இருக்கிறார்கள். கார் உள்ளவர்கள் கவனிக்க.

பெயர் கொடுப்பதற்கான படிவம் பின்மேசையில் வைக்கப்பட்டுள்ளது. பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசலருகே அமர்ந்திருப்பார். ஒலிப்பதிவுக் கருவியை வைத்திருப்பவர் அதை யாரிடமும் விளக்கம் சொல்லாமல் அதே மேசையில் வைத்துவிட்டுப் போகலாம். மின்னேற்றக் கம்பியையும் சேர்த்து வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு சபையை வேண்டுகிறேன்.

செயலாளர்