பேரனுக்கு அழகர் என்றே வை

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். மருமகளைப் பச்சை உடம்போடு அந்தக் குளிரில் வெளியே கூட்டிப் போகாதே.

நீ அனுப்பிய பெயர்ப் பட்டியலைப் பார்த்தேன். அதன் அடியில், "தாத்தா பெயரை வைத்தால் என்ன? அதற்கு அர்த்தம் என்ன, ரொம்பப் பழசாகத் தெரியுமா?" என்று கேட்டிருந்தாய். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. ஆனால் இதைப் போனில் பேச எனக்கு வராது. மாமனார் பெயரை இந்த வாய் சொன்னதே இல்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட உன் அப்பாவைச் சொல்லச் சொல்லிவிட்டு நிற்பேன். எழுதத் தடையில்லை: அழகர்சாமி.

மதுரைக்கு வடக்கே 21 கிலோமீட்டரில் இருக்கும் நம் அழகர்மலைச் சாமியின் பெயர் அது. மூலவர் பரமசாமி. சித்திரைத் திருவிழாவில் வைகை ஆற்றுக்கு வருகிற உற்சவர் சுந்தரராஜப் பெருமாள். அழகர் என்று நாம் சொல்வதும் சுந்தரராஜன் என்று கோயிலில் சொல்வதும் ஒரே சாமியைத்தான். மலையின் பெருமை சங்க காலத்திலிருந்தே வருகிறது. பரிபாடலின் 15ஆம் பாடல் முழுக்க இந்தத் திருமாலிருஞ்சோலை மலையைப் பற்றியதுதான். நம்மாழ்வார் இந்தச் சாமியை 'வஞ்சக் கள்வன்' என்றே பாடினார். உள்ளத்தைத் திருடிக்கொண்டவனாம். கள்ளழகர் என்ற பெயருக்குப் பெரியவர்கள் அதைக் காரணம் சொல்வார்கள். நம் பக்கத்து ஆட்களைக் கேட்டால், கொண்டை போட்டு, கண்டாங்கி கட்டி, வளரி என்ற வளைந்த எறிதடியைப் பிடித்துக் கள்ளர் வேடத்தில் மலையிறங்கி வருகிறாரே, அதனால்தான் என்பார்கள். எனக்கு இரண்டும் பிடிக்கும். ஆழ்வார் பாசுரமும் நாட்டுக் கள்ளர் வேடமும் ஒரே பெயருக்குள் இருப்பது வேறு எங்கே உண்டு?

பெயர் வைப்பதிலும் அப்படித்தான். அய்யங்கார் வீட்டில் சுந்தரராஜன். சௌராஷ்டிர வீட்டில் சௌந்தரராஜன். 1922இல் மதுரையில் பிறந்த பாடகர் டி.எம்.எஸ். அப்படி ஒருவர். விவசாயம் பார்க்கும் சம்சாரி வீடுகளில் அழகர், அழகுமலை, சோலைமலை. பெண்பிள்ளை என்றால் அழகம்மாள். நீ நாள் முழுக்கத் தேடிக்கொண்டிருக்கும் கூகுளின் தலைவர் சுந்தர் பிச்சையும் 1972இல் மதுரையில் பிறந்தவர்தான், முழுப்பெயரில் சுந்தரராஜன் இருக்கிறது. எந்தச் சாதிக்கும் தனியாகச் சொந்தமில்லாத பெயர் இது. இந்தச் சீமைக்கே பொதுவானது. நீ இதை வைக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுவதற்கு இதுதான் முதல் காரணம், தாத்தா பெயர் என்பது அதற்குப் பிறகுதான்.

மேலூர்ப் பள்ளியில் நான் தமிழ் சொல்லிக்கொடுத்த காலத்தில் வருகைப் பதிவேட்டில் அ. அழகர், மு. அழகர், பெ. அழகர்சாமி என்று அடுத்தடுத்து வரும். "அழகர்" என்று கூப்பிட்டால் இரண்டு மூன்று பேர் எழுந்து நிற்பார்கள். பிள்ளைகளே நெட்டை அழகர், கடைக்கார அழகர் என்று பிரித்துவைத்துக்கொள்வார்கள். நான் ஓய்வு பெறும் நேரத்தில் பதிவேட்டில் அந்தப் பெயர் அபூர்வமாகிவிட்டது. எண்கணிதம் பார்க்கிறார்கள், 'ஷ்' வரவேண்டும் என்கிறார்கள். அவரவர் பிள்ளை, அவரவர் விருப்பம். ஆனால் சித்திரையில் ஆற்றங்கரைக்கு வந்து பார்த்தால் அந்தச் சாமிக்கு மவுசு குறைந்த மாதிரியா தெரிகிறது? முன்பு தேனூர்ப் பக்கம் ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்தவரை மீனாட்சி கல்யாணத்தோடு சேர்த்து மதுரைக்கு வரவழைத்தவர் திருமலை நாயக்கர் (1623–1659) என்பார்கள். அன்றிலிருந்து கூட்டம் கூடிக்கொண்டேதான் போகிறது.

உனக்கு நினைவிருக்கும், தல்லாகுளத்தில் எதிர்சேவை அன்று, அதாவது மலையிலிருந்து வரும் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் நாளில், உன் தாத்தா சர்க்கரைச் செம்போடு நிற்பார். செம்பு நிறையச் சர்க்கரை, வாயில் வாழையிலை கட்டி, மேலே சூடம். சாமி கிட்டே வரும்போது சூடத்தின் சூட்டில் இலை ஓரம் கருகும். தாத்தா கை அசையாது. பக்கத்தில் யார் யாரோ "அழகரு வந்துட்டாரு" என்று கத்துவார்கள். தன் பெயரைத்தான் கூப்பிடுகிறார்கள் என்ற மாதிரி அவர் முகத்தில் ஒரு பெருமை இருக்கும். பிள்ளைகளுக்குச் சர்க்கரையை அள்ளிக் கொடுத்தபிறகுதான் அவர் வாயில் போடுவார்.

மருமகள் 'ழ' அங்கே யார் வாயிலும் நுழையாது என்று கவலைப்படுகிறாள் போலிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் அவர்கள் முடிந்த மாதிரி கூப்பிடட்டும், வீட்டில் அழகு என்று கூப்பிடுங்கள். பாஸ்போர்ட்டில் எந்த எழுத்தைப் போட்டாலும் பிறப்புச் சான்றிதழிலும் அதையே போடு. இரண்டிலும் வேறுவேறாக இருந்தால் பின்னால் அலைச்சல். சாமி என்பது நீளமாகப் பட்டால் விட்டுவிடு, அழகர் என்பதே போதும். அவளுக்கு மனசில்லை என்றால் சுந்தர் என்று வை, அதுவும் அந்தச் சாமி பெயர்தான். அவளைக் கட்டாயப்படுத்தாதே, பத்து மாதம் சுமந்தவள் அவள்.

எனக்குத்தான் ஒரு சங்கடம். அழகர் என்று வைத்தால் நான் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டேன். "அய்யா", "ராசா" என்றுதான் கூப்பிடுவேன். அதை மட்டும் மருமகளிடம் இப்போதே சொல்லிவை, பாட்டிக்குப் பெயர் பிடிக்கவில்லை என்று நினைத்துவிடப் போகிறாள்.

அடுத்த சித்திரைக்கு வரப்பார். மலையில் முடியிறக்கிக் காதுகுத்திவிடலாம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்தவேண்டும், அதனால் உன் மச்சினனிடம் லீவுக்கு இப்போதே சொல்லிவை. பெயர் முடிவானதும் போன் பண்ணு. அப்பாவிடம் சொல், அவர் எனக்குச் சொல்வார்.

அன்புடன்,
அம்மா