சமூக அறிவியல் டீச்சராகச் சேர்ந்திருக்கும் அக்கா மகளுக்கு

அன்புள்ள பாப்பா,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்ன ஒரு வார்த்தை மனசை விட்டுப் போகவில்லை. "நம்ம ஜனங்களுக்குப் பொறுப்பே கிடையாது மாமா, இவங்க பிள்ளைகளுக்குக் குடிமையியல் நடத்தி என்ன ஆகப்போகுது" என்றாய். பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவரை ஒட்டி யாரோ மறுபடியும் குப்பையைக் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். சேர்ந்து நாலு மாசத்தில் மூன்று தடவை நீயே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அள்ளியிருக்கிறாய். உன் கோபம் நியாயம்தான். ஆனால் அந்த வார்த்தையை என்னால் ஏற்க முடியவில்லை. போனில் சொன்னால் பாதியில் அறுந்துவிடும், அதனால் எழுதுகிறேன். உன்னைப் போன்ற மற்ற டீச்சர்களும் படிக்கட்டும் என்றுதான் எல்லோரும் பார்க்கும்படி போடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

அக்டோபர் 2-ஆம் தேதி நம் ஊர் கிராம சபைக்குப் போயிருந்தேன். சமுதாயக்கூடத்தில் முப்பது நாற்காலி, அதில் முக்கால்வாசி ஆம்பளைகள். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாசலிலேயே மேசை போட்டு, தீர்மானத்தை வாசிப்பதற்கு முன்னாலேயே கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். மூவாயிரம் பேருக்கு மேல் இருக்கிற ஊர் என்றால் இருநூறு பேராவது வந்தால்தான் கூட்டம் செல்லும், அந்த எண்ணிக்கையை எட்டிவிட வேண்டும் என்கிற அவசரம். வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பாட்டி. கட்டைவிரலை மைப் பட்டையில் ஒற்றிவிட்டு, நோட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் அப்படியே நிறுத்திக்கொண்டார். "எங்க தெருக் குழாய்ல மூணு மாசமா தண்ணி வரல, அதை எழுதினியாய்யா?" என்று கேட்டார். "எழுதிக்கலாம் பாட்டி, முதல்ல கைநாட்டு வைங்க." "எழுது, அப்புறம் வைக்கிறேன்." பின்னால் வரிசை நீண்டுகொண்டே போகிறது, நீல மை விரல் ரேகையெல்லாம் பரவி உலர ஆரம்பித்துவிட்டது, பாட்டி நகரவில்லை. கடைசியில் எழுதினார்கள். அதோடும் விடாமல், வாசித்துக்காட்டச் சொல்லி, தெருப் பெயர் அதில் வந்துவிட்டதா என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டு, மறுபடி மை தொட்டுத்தான் ரேகை வைத்தார். தண்ணீர் வந்தது தீபாவளிக்கு அப்புறம்தான், ஆனால் வந்தது.

அந்தப் பாட்டிக்குப் பொறுப்பு இல்லை என்று நீ சொல்ல மாட்டாய். அவர் பள்ளிக்கூடப் பக்கமே போனதில்லை. படித்தவனான நான், சொல்ல வெட்கமாக இருக்கிறது, அன்றைக்குத் தீர்மானத்தை வாசிக்காமலேயே கையெழுத்துப் போட்டிருப்பேன். அவரைப் பார்த்துத்தான் நோட்டைப் புரட்டினேன்.

இதை உன் பாடப் பகுதியோடு வைத்துப் பார். உத்திரமேரூர்க் கல்வெட்டும் குடவோலையும் பிள்ளைகளுக்கு மனப்பாடம். கிராம சபை வருஷத்துக்கு எத்தனை தடவை என்று கேட்டால், முன்பு நாலு, 2022-லிருந்து ஆறு என்று சரியாக எழுதி ஒரு மார்க் வாங்கிவிடுவார்கள். அதில் எத்தனை பேர் ஒரு கிராம சபையைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள் என்று நாளைக்கு வகுப்பில் கையைத் தூக்கச் சொல்லிப் பார். அடிப்படைக் கடமைகள் பாடமும் அப்படித்தான், பதினொன்றையும் வரிசையாக ஒப்பிப்பார்கள். அவை முதலில் அரசியலமைப்பில் இல்லை, அவற்றில் பத்து நெருக்கடி நிலைக் காலத்தில் 1976-இல் 42-ஆவது திருத்தத்தோடு வந்தவை, ஜனங்கள் வாயைத் திறக்கவே பயந்திருந்த நேரத்தில் வந்தவை என்பதையும் சேர்த்துச் சொன்னால், வகுப்பில் கட்டாயம் ஒரு பிள்ளையாவது எழுந்து "ஏன் டீச்சர்?" என்று கேட்கும். அந்தக் கேள்வியிலிருந்து நடத்திப் பாரேன்.

புத்தகம் ஒன்று சொல்ல, ஊர் வேறொன்றைச் சொல்லிக்கொடுக்கிறது என்பதையும் நாம் மறக்கக் கூடாது. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை உள்ளாட்சித் தேர்தல் என்று 73-ஆவது திருத்தம் சொல்கிறது, 1993-லிருந்து அதுதான் சட்டம். நம் மாநிலத்தில் 2016 அக்டோபரில் முடிந்த பதவிக்காலத்துக்கு 2019 டிசம்பர் வரை ஊரகத் தேர்தல் நடக்கவில்லை, அப்போதும் 27 மாவட்டங்களில்தான் நடந்தது. அந்த மூன்று வருஷமும் அரசாங்கம் நியமித்த தனி அலுவலர்தான் எல்லாம். அப்போது தேர்வானவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்ததும் மறுபடி தனி அலுவலர்கள் வந்துவிட்டார்கள். ஏழாவது படிக்கிற பிள்ளை வீட்டில் அப்பா அம்மா பேசுவதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. "நம்ம கேட்டா நடக்கவா போகுது" என்று அவர்கள் சொன்னால், அது பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். அதை மாற்ற ஒரு மணி நேர வகுப்பு போதாது.

கண்மாயை எடுத்துக்கொள். முன்பெல்லாம் குடிமராமத்து என்று வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு போய்க் கரையை உயர்த்துவார்கள், வரத்துக் கால்வாயைத் தோண்டுவார்கள். அந்தப் பழக்கம் தளர்ந்தபோது, ஆள் வராவிட்டால் தண்டம் என்று 1858-இல் சென்னை மாகாணத்தில் வெள்ளைக்காரன் சட்டமே போட்டான். சட்டம் போட்டும் பழைய வேகம் திரும்பவில்லை. என்ன காரணம் என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். மடையை எப்போது திறப்பது, மீன் குத்தகைப் பணத்தை எதற்குச் செலவழிப்பது என்பதெல்லாம் கையை விட்டுப் போன பிறகு, மண் சுமக்கிற வேலை மட்டும் உன்னுடையது என்றால் யாருக்குத்தான் மனசு வரும்? இப்போது நூறு ஏக்கருக்கு மேல் பாய்கிற கண்மாய் நீர்வளத்துறையோடது, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியத்தோடது. ஊர்க்காரனைக் கேட்டால் "அது கவர்மெண்டுது" என்பான். உன் சுற்றுச்சுவரும் அவனுக்கு அப்படித்தான் தெரிகிறது, பாப்பா. அதற்காகக் குப்பை கொட்டுவது சரி என்று சொல்லவில்லை. அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் திட்டினால் போய்ச் சேராது என்கிறேன்.

பயமும் இருக்கிறது. சில வருஷத்துக்கு முன்னால் எங்கள் தெரு ரோட்டுக்கு எவ்வளவு செலவானது என்று பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். முப்பது நாளில் பதில் வர வேண்டும். பதில் வருவதற்கு முன்னால் ஒருத்தர் வீட்டுக்கு வந்து, திண்ணையில் உட்கார்ந்து, காபி குடித்துவிட்டு, "எதுக்கு உங்களுக்கு இந்த வேலை, பிள்ளைகுட்டி இருக்கிற வீடு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். உன் அம்மாச்சி அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. மேல்முறையீடு செய்த பிறகுதான் பதில் வந்தது. இப்படி ஒருத்தர் வந்து உட்காரும்போது கூட நிற்பதற்குத் தெருவில் நாலு பேர் இருந்தால் போதும். ராஜஸ்தானில் சமூக ஆர்வலர் அருணா ராயும் அவரோடிருந்த கூலி விவசாயிகளும் அதைத்தான் செய்தார்கள். 1994-லிருந்து ஊர் ஊராக ஜனங்களைக் கூட்டி வைத்து, வேலை செய்ததாக எழுதியிருந்த கூலிப் பட்டியலைச் சத்தமாக வாசித்தார்கள். "நம்ம பணம், நம்ம கணக்கு" என்பதுதான் அவர்கள் கோஷம். அங்கே பியாவர் என்ற ஊரில் 1996-இல் நாற்பது நாள் தர்ணா உட்கார்ந்தார்கள். 2005-இல் வந்த தகவல் உரிமை மத்தியச் சட்டத்துக்கு அங்கேதான் வேர். உன் வகுப்பில் இதைச் சொல், கதை மாதிரியே சொல்லலாம்.

அந்தச் சுவருக்கு வருகிறேன். அடுத்த தடவை குப்பை விழுந்தால் உடனே அள்ள வைக்காதே. குப்பை வண்டி எந்தெந்தத் தெரு வரைக்கும் வருகிறது என்று பிள்ளைகளை விசாரிக்கச் சொல். தூய்மைக் காவலர் அக்காவிடம் கேட்டாலே சொல்லிவிடுவார், அவருக்குத் தெரியாத வீடு கிடையாது. எனக்கென்னவோ, வண்டி வராத தெருவின் குப்பைதான் உன் சுவரோரம் வருகிறது என்று தோன்றுகிறது. அப்படி இருந்தால் பிள்ளைகளே ஒரு மனு எழுதட்டும், திருத்தாதே, எழுத்துப் பிழையோடு இருக்கட்டும். ஊராட்சியில் கொடுத்துவிட்டு ரசீது கேட்டு வாங்கச் சொல். அந்த ரசீதைக் கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒட்டி வை. பதில் வந்தாலும் வராவிட்டாலும் தேதியைப் பக்கத்தில் எழுதிக்கொண்டே வரட்டும். பள்ளி மேலாண்மைக் குழுவையும் விடாதே, சட்டப்படி அதில் முக்கால்வாசி பேர் பெற்றோர்தான், கூட்டத்தில் அந்த அம்மாக்களைப் பேச விட்டுவிட்டு நீ குறிப்பு எடு.

ஜனவரி 26-இல் கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடிக்க ஒன்பதரை ஆகிவிடும். கிராம சபை பெரும்பாலும் பதினொரு மணிக்குத்தான் கூடும், எங்கே என்று முன்கூட்டியே கேட்டு வை. ஓட்டு இல்லாத வயசு என்றாலும் பிள்ளைகள் ஓரமாக உட்கார்ந்து பார்க்கலாம், ஒரு பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு வா. நான் முதல் பஸ்ஸில் வந்துவிடுகிறேன். அம்மாச்சி முறுக்கு கொடுத்து அனுப்புகிறேன் என்கிறார், பிள்ளைகளுக்கும் சேர்த்து.

அன்புடன்,
மாமா