அப்பத்தாவின் ‘ஹரி ஹரி’

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் இணைப்பிதழில் மேடைச் சிரிப்புக் கலைஞர்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். சென்னையில் மைக்கைப் பிடித்துத் தனியாளாக நின்று பேசும் இளைஞர்களைப் பற்றிய பகுதி நன்றாகவே இருந்தது. இரண்டு இடங்கள்தான் நெருடின. ‘சிற்றூர்க் கலைஞர்கள் கேசட் கேட்டும் டிவி பார்த்தும் கற்றுக்கொண்டவர்கள்’ என்று ஒரு வரி. அப்புறம், பழைய சினிமா நகைச்சுவை நடிகர் சந்திரபாபுவைப் போகிறபோக்கில் ‘மேல்நாட்டு நகல்’ என்று சொல்லிவிட்டுப் போனது. நான் முப்பது வருஷத்துக்கு மேல் ராமநாதபுரம் கடற்கரைத் திருவிழாக்களில் பலகுரல் செய்தவன். எங்கள் வீட்டில் டிவி வந்தபோது எனக்கு மீசை முளைத்துவிட்டது. அதற்கு முன்பே மேடை ஏறிவிட்டேன். எப்படி என்று சொல்கிறேன்.

ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தம் பக்கம் அப்பாவுக்குச் சங்கு, சோழி, பாசிமாலை விற்கும் கடை. தாத்தா கொழும்பு புறக்கோட்டையில் ஒரு கடையில் கணக்கு எழுதியவர். இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்ப வகைசெய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு குடும்பத்தோடு கப்பலேறி வந்தவர். அம்மா தங்கச்சிமடத்துக்காரர், வேதக்காரக் குடும்பம். அப்பா வீட்டில் விபூதி, அம்மா வீட்டில் செபமாலை. இந்தக் கல்யாணம் எப்படி நடந்தது என்பதைத் தனிக் கடிதமாக எழுத வேண்டும், இப்போது வேண்டாம்.

அப்பத்தாவுக்குக் கொழும்பு விட்டுப் போகவே இல்லை. யார் என்ன சொன்னாலும் ‘ஹரி ஹரி’ என்பார். சிங்களத்தில் அதற்குச் ‘சரி சரி’ என்று அர்த்தம். கடையில் உட்கார்ந்திருக்கும்போதும் அதேதான். இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிவிட்டுச் சொட்டச் சொட்ட வரும் வடக்கத்தி யாத்ரீகர்கள் சங்கைக் கையில் எடுத்து விலை பேசுவார்கள். அப்பத்தா தலையை ஆட்டி ‘ஹரி ஹரி’ என்பார். கிழவி பகவான் நாமத்தைச் சொல்கிறாள் என்று அவர்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். ஒரு வங்காளத்து அம்மா பதிலுக்கு ‘ஹரி போல்’ என்று குரல் கொடுத்து, அப்பத்தா காலைத் தொட்டு வணங்கி, பேரம் பேசாமல் கேட்ட காசைக் கொடுத்துவிட்டுப் போனார். அப்பத்தாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ‘என்னடா இது, சரின்னு சொன்னதுக்குக் கால்ல விழுறாய்ங்க?’ என்று அப்பாவைக் கேட்டார். கல்லாவுக்குக் கீழே உட்கார்ந்திருந்த எனக்கு ஏழு வயசு. அன்றைக்குச் சிரித்த சிரிப்பு இன்னும் வயிற்றில் இருக்கிறது.

கடையில் என் வேலை விலை சொல்வது. இந்திக்காரர் ‘கித்னா’ என்பார், மராத்திக்காரர் ‘கிதி’, வங்காளி ‘கொதோ’, தெலுங்குக்காரர் ‘எந்த’. நாலும் ஒரே கேள்விதான், ஆனால் முகம் நாலு. ‘கொதோ’ என்று கேட்கிறவரின் உதடு குவிந்து நிற்கும், அடுத்து என்ன விலை சொன்னாலும் அதிர்ச்சியடையத் தயாராக இருப்பதுபோல. ‘எந்த’ கேட்கிறவர் சங்கை ஏற்கெனவே பைக்குள் பாதி வைத்திருப்பார். சாயந்தரம் கடை கட்டியதும் இவர்கள் எல்லோரையும் வீட்டுத் திண்ணையில் அம்மாவுக்குச் செய்து காட்டுவேன். பலகுரல் என்ற பெயர்கூட எனக்கு அப்போது தெரியாது.

மாதம் ஒருமுறை அப்பாவோடு சங்கு எடுக்கக் கீழக்கரைக்குப் போவேன். மொத்த வியாபாரி வீட்டு உம்மா என்னைப் பார்த்ததும் ‘வாங்க வாப்பா, பசியாறிட்டியளா?’ என்பார். வாப்பா என்றால் அப்பா என்று எனக்குத் தெரியும். அப்பாவைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து அப்பாவைத் தள்ளிவிடுவேன். சின்னப் பையனையும் அங்கே ஆசையாக அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று புரியக் கொஞ்ச நாளாயிற்று. எங்கள் குழம்பு அங்கே ஆனம். பெயர் மாறினால் ருசியும் மாறும்போல, இரண்டு தட்டு சாப்பிடுவேன்.

ராத்திரி இலங்கை வானொலி. எங்கள் கரையில் சென்னையைவிட அதுதான் தெளிவாகக் கேட்கும். அதன் அறிவிப்பாளர்கள் கே.எஸ். ராஜாவின் மூச்சுவிடாத வேகத்தையும் பி.எச். அப்துல் ஹமீதின் திருத்தமான உச்சரிப்பையும் மாற்றி மாற்றிப் பேசிப் பார்த்துத் தொண்டை கட்டிக்கொள்ளும்.

பதின்மூன்று வயசில் முதல் மேடை. தங்கச்சிமடம் வேர்க்காடு சந்தியாகப்பர் கோயில் திருவிழா. அது ஜூலை மாதம். அந்தத் திருவிழாவுக்கு எல்லாச் சமயத்தாரும் வருவார்கள். பாட்டுக் கச்சேரியில் பாடகர் சோடா குடிக்கப் போன இடைவெளியில் அம்மா வீட்டு மாமா என்னைத் தூக்கி மேடையில் விட்டார். நான் செய்தது சங்குக் கடை: நாலு யாத்ரீகர், ஒரு அப்பத்தா. ‘ஹரி ஹரி’ என்றதும் கொழும்பில் இருந்து திரும்பிய கிழவர்கள் முதலில் சிரித்தார்கள். மற்றவர்கள் அவர்களிடம் அர்த்தம் கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். ஒரே நகைச்சுவைக்கு இரண்டு தவணையாகச் சிரிப்பு. சோடா குடித்து முடித்த பாடகர் கொஞ்சம் காத்திருக்க வேண்டியதாயிற்று. அதன்பிறகு அந்தக் குழுவோடேயே சுற்றினேன். ஒரு ராத்திரிக்கு முப்பது ரூபாயும் பரோட்டாவும்.

இனி சந்திரபாபு. 1927இல் தூத்துக்குடியில் பிறந்தவர். முழுப்பெயர் ஜோசப் பனிமயதாஸ் சந்திரபாபு. தூத்துக்குடிப் பனிமய மாதா அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறார். அப்பா சுதந்திரப் போராட்டக்காரர், அதனால் குடும்பமே இலங்கைக்கு அனுப்பப்பட்டு, பையன் கொழும்பில் வளர்ந்தார். 1943 வாக்கில் சென்னை வந்தார். தமிழ்ப் பாட்டில் யோடலிங், அதாவது குரலைச் சட்டென்று மேலும் கீழும் தாவவிட்டு, பாடியவர் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு மேல்நாட்டு நகல் என்கிறீர்கள். சென்னைக்காரரே அசந்துபோகும்படி மெட்ராஸ் பாஷை பேசியதும் அவர்தானே? அதை எந்த மேல்நாட்டில் போய் நகல் எடுத்தார்? காது திறந்திருக்கும் பையனைத் துறைமுகத்திலிருந்து துறைமுகத்துக்கு மாற்றி வளர்த்தால் அப்படித்தான் வரும். அவர் பாட்டு ரேடியோவில் வந்தால் அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வருவார், ‘நம்ம கடக்கரைப் பிள்ளை’ என்று.

நானும் யோக்கியன் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். 2000க்குப் பிறகு ஒரு டிவி நிகழ்ச்சிக்கு ஆள் தேர்வு செய்கிறார்கள் என்று சென்னை போனேன். சங்குக் கடை செய்தேன். நடுவர் ஒருவர், ‘இதெல்லாம் வேணாம் சார், ராமேஸ்வரம்னா சிலோன் தமிழ் வருமே, அதைப் பேசுங்க, சும்மாவே சிரிப்பு வரும்’ என்றார். மண்டபம் ஊரில் உள்ள இலங்கை அகதிகள் முகாம் பையன்கள் என்னோடு படித்தவர்கள். அந்தப் பேச்சு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஓர் அகதிக் கிழவியை அங்கேயே உண்டாக்கினேன். ‘ஓம்’, ‘பேந்து’, ‘கதைக்கிறியள்’ என்று இழுத்து இழுத்துப் பேசினேன். பேசியதில் விஷயம் ஒன்றுமே இல்லை. ஆனாலும் சிரித்தார்கள். என்னைத் தேர்வு செய்யவில்லை என்பது வேறு விஷயம்.

சிரித்தார்களே என்ற நினைப்பில், ஊருக்கு வந்து மண்டபத்தில் ஒரு நிகழ்ச்சியில் அதையே செய்தேன். முன்வரிசையில் முகாம் ஆட்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. முடிந்ததும் ஓர் அம்மா மேடைக்குப் பின்னால் வந்தார். எழுபது வயசிருக்கும்.

“தம்பி, வடிவாத்தான் செய்யிறீர். ஆனா உது யாழ்ப்பாணத்து ஆக்கள் கதைக்கிறது. முகாம் கிழவி எண்டா எல்லாரும் யாழ்ப்பாணமோ? நான் பேசாலை, மன்னார்” என்றார்.

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் விடவில்லை. “அது கிடக்கட்டும். உம்மட கிழவி ஏன் எந்நேரமும் மூக்கைச் சிந்திக்கொண்டே கதைக்கிறா? நாங்கள் பகிடியே விடமாட்டமோ?”

சொல்லிவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். 1990இல் அவர்கள் ராத்திரியில் படகேறி வந்த கதையைச் சொன்னார். படகுக்காரன் காசை வாங்கிக்கொண்டு தனுஷ்கோடிக்கு முன்னாலேயே ஒரு மணல் திட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். இருட்டு, சுற்றிலும் கடல். கணவர் நடுங்கிக்கொண்டே, ‘இது இந்தியாவோ?’ என்று கேட்டாராம். ‘என்னட்டக் கேட்டா? மணலைக் கேளுங்கோ’ என்றாராம் இவர். எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே அடக்கினேன். ‘சிரியும் தம்பி, நானே சிரிச்சனான்’ என்றார்.

அந்த மணல் திட்டுக் கதையை அவர் அனுமதியோடுதான் பிறகு மேடையில் செய்தேன். இடையில் இரண்டு முறை அவர் வீட்டுக்குப் போய்ப் பேச்சைத் திருத்திக்கொண்டு வந்தேன். ஏர்வாடி சந்தனக்கூட்டு சமயத்திலும் செய்தேன், வேர்க்காட்டிலும் செய்தேன். முகாம் ஆட்கள்தான் அதிகம் சிரித்தார்கள். அவர் இப்போது இல்லை.

உங்கள் கட்டுரையாளர் அடுத்த பகுதி எழுதுவதாக இருந்தால், ஒரு நடை இந்தப் பக்கம் வரச் சொல்லுங்கள். என்னைப் பார்க்க அல்ல, நான் மேடையை விட்டாயிற்று. அந்த அம்மாவின் பேத்தி இருக்கிறாள். முகாமிலேயே பிறந்தவள். வீட்டில் மன்னார்ப் பேச்சு, பள்ளிக்கூடத்தில் எங்கள் பேச்சு. போன வருஷம் ஒரு விழாவில் மேடையேறி என்னையே பலகுரல் செய்தாள். ‘வந்தாய்ங்க, போனாய்ங்க’ என்று நான் பேசுவது, மைக்கை இரண்டு தட்டு தட்டுவது, சிரிப்பு வராவிட்டால் சோடாப் பாட்டிலைத் தேடுவது, ஒன்றையும் விடவில்லை. நான் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன்.

இப்படிக்கு,
பலகுரல் கலைஞர் (ஓய்வு),
தங்கச்சிமடம், ராமநாதபுரம் மாவட்டம்.