முயல் பாடிய பாட்டு

அன்புள்ள செல்விக்கு,

அம்மா நலம். எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. பொங்கலன்று பேசியபோது உன் குரல் கம்மியிருந்தது. தூசி என்றாய். சரி. வெந்நீர் குடி. ஃப்ரிட்ஜ் தண்ணீரைத் தொடாதே.

போன வாரம் மாடி வீட்டுப் பையன் நம் டிவியில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு முயல் பாடியது. பல்லவி முடிவதற்குள் நீதான் என்று தெரிந்துவிட்டது. மேல் ஸ்தாயிக்குப் போகுமுன் நீ மூச்செடுக்கிற இடம் எனக்குத் தெரியாதா? அடுப்படியிலிருந்து ஓடி வந்த அம்மா நின்றபடியே அழுதாள். கடைசியில் பெயர்கள் ஓடின. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போய் நின்றேன். உன் பெயர் இல்லை.

அதிலிருந்து வேறு எதிலும் மனசு போகவில்லை. பரணில் இருந்த உன் ஆர்ச்சி காமிக்ஸை இறக்கி வைத்தேன், நான் கிழித்தது போக மிச்சத்தை. அதைப் பார்த்துவிட்டு ரகு, "மாமா, இவங்க ஆல்பமே போட்டிருக்காங்க" என்று போனில் போட்டுக் காட்டினான். 1968-இல் அமெரிக்காவில் வந்த ஆர்ச்சி குழுவின் முதல் ஆல்பம். ஆர்ச்சி கிட்டார், ஜக்ஹெட் டிரம்ஸ், வெரோனிகா ஆர்கன். எல்லாம் வரைந்த ஆட்கள். பாடியவர் ரான் டான்டே என்ற இளைஞர். பெரும்பாலான பாட்டுகளை எழுதித் தயாரித்தவர் ஜெஃப் பேரி. இவர்களைக் கூட்டிவந்தவர் டான் கிர்ஷ்னர். முந்தைய வருஷம்தான் மங்கீஸ் என்ற பாட்டுக் குழுப் பையன்கள், எங்கள் பாட்டுக்கு நாங்களே வாசிப்போம் என்று அவரிடம் மல்லுக்கு நின்றார்கள். அவர் வெளியேற வேண்டியதாயிற்று. அப்புறம் அவருக்கு அமைந்த குழு இது. காகிதத்தில் இருப்பவன் எதிர்த்துக் கேட்க மாட்டான், சம்பளமும் கேட்க மாட்டான். கேட்க வேண்டியது பாடுகிறவர்தான். அதனால் சொல்கிறேன், எதையும் எழுத்தில் வாங்கு.

சின்னப் பிள்ளைப் பாட்டு என்றுதான் கேட்க உட்கார்ந்தேன். ஆனால் அந்தக் குரலில் கொஞ்சமும் சலிப்பில்லை. பொம்மைக்குத்தானே என்று ஒரு வரியைக்கூட அவர் தள்ளிவிடவில்லை. உன் முயலும் அப்படித்தான் பாடியது. அந்த ஆல்பத்தின் 'பேங் ஷேங் எ லேங்' அமெரிக்கப் பட்டியலில் 22-ஆவது இடம் வரை போனது. மறு வருஷம் 'சுகர் சுகர்' 4 வாரம் முதலிடத்தில் நின்றது. அப்போதும் முன்னால் நின்றது ஆர்ச்சிதான். 1970-இல் ரான் டான்டே தன் பெயரிலேயே ஓர் ஆல்பம் போட்டாராம். நீயும் போடலாம். பணம் ஒரு தடையென்றால் சொல். தொண்டைக்கு மிளகுக் கஷாயம் வை. கையெழுத்துப் போடுமுன் இரண்டு தடவை படி. எழுத்தில் வாங்கு.

ரகு போட்ட அந்த ஆர்ச்சி ஆல்பத்தில் பதினேழு ஒன்றும் சின்ன வயதில்லை என்று ஒரு பாட்டு வருகிறது. ரகு அர்த்தம் சொன்னதும் அணைக்கச் சொல்லிவிட்டேன். உனக்கும் பதினேழுதான் அப்போது, அந்த அம்மன் பாட்டு கேசட் வந்தபோது. அவர்களாக உன் பெயரை விட்டுவிட்டார்கள் என்று இத்தனை வருஷமாக நினைத்திருக்கிறாய். இல்லை. நான்தான் போய் எடுக்கச் சொன்னேன். அக்காவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். பெரியத்தை ஒரு வார்த்தை சொன்னாள், நான் கிளம்பிவிட்டேன். அச்சடிக்கக் கொடுத்திருந்த அட்டையில் உன் பெயரை நானே அடித்துக் காட்டினேன். நீ கேசட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். நான் பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்திருந்தேன். அதற்கப்புறம் பெயர் போடச் சொல்லி நீ யாரிடமும் கேட்டதே இல்லை என்று அக்கா சொல்கிறாள்.

நீ இப்போது பாடுகிறாயா இல்லையா என்று நான் கேட்கவில்லை. எப்போது சொல்லத் தோன்றுகிறதோ அப்போது சொல்.

ரகு இருபதாம் தேதி மும்பை வருகிறான். மிளகும் பனங்கற்கண்டும் கொடுத்தனுப்புகிறேன். கிடைத்ததும் ஒரு போன் போடு. எனக்குத் தூக்கம் சரியாக இல்லை, எத்தனை மணியானாலும் எடுப்பேன்.

அப்பா