முதல் வகுப்புக்கு முன்னால்

அன்பு மகளுக்கு,

முதுகலை மாணவர்களுக்குக் கல்வி ஆராய்ச்சியை அறிமுகப்படுத்தும் தாள் இந்த முறை உன் தலையில் விழுந்துவிட்டது என்றாய். நீ அனுப்பிய பாடத்திட்டத்தைப் பார்த்தேன். முதல் வாரம் கருதுகோள், இரண்டாம் வாரம் மாதிரி எடுத்தல், மூன்றாம் வாரம் இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் டி-டெஸ்ட். நானும் முதல் வருஷம் இப்படித்தான் போட்டேன், கண்ணு. அதனால்தான் போனில் இரண்டு வார்த்தை சொல்லி விடாமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான்காவது வாரமோ என்னவோ, இருபது வருஷம் பள்ளியில் பாடம் நடத்திவிட்டுப் படிக்க வந்திருந்த ஒருவர் எழுந்தார். "மேடம், இதெல்லாம் சரி. எதைத் தெரிந்துகொள்ள இதையெல்லாம் செய்கிறோம்?" என்றார். நான் பலகையில் சூத்திரம் எழுதிக்கொண்டிருந்தேன். "பின்னால் வரும்" என்று சமாளித்தேன். அந்த வருஷம் முடியும்வரை அது வரவே இல்லை.

நம்மிடம் வருகிறவர்கள் எல்லாருமே பதினைந்து வருஷத்துக்கு மேல் வகுப்பறையில் உட்கார்ந்து எழுந்தவர்கள். பலர் ஆசிரியர்கள். வீட்டுப்பாடம் எவ்வளவு கொடுக்கலாம், கண்டிப்பு வேண்டுமா, எல்லாவற்றுக்கும் பதிலை வைத்துக்கொண்டுதான் வருவார்கள். ஆய்வுத் தலைப்பு கேட்டுப் பார். 'குழுவாகக் கற்பதன் நன்மைகள்' என்று எழுதிக் கொடுப்பார்கள். நன்மை என்று முடிவாகிவிட்டது, அப்புறம் ஆராய என்ன இருக்கிறது? கேள்வியே பிறக்காத இடத்தில் கருதுகோளை எங்கே நடுவது?

அதனால் முதல் வகுப்பில் ஜோசப் மேயர் ரைஸின் கதையைச் சொல். மருத்துவத் தொழிலை விட்டுவிட்டு அமெரிக்கப் பள்ளிகளைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பிய மனிதர். அங்கே அந்தக் காலத்தில் எழுத்துக்கூட்டலை விடாமல் உருப்போட வைப்பார்கள். ரைஸ் சுமார் 33,000 பிள்ளைகளுக்குத் தேர்வு வைத்து, 1897-ல் முடிவை வெளியிட்டார். தினமும் கால் மணி நேரம் படித்தவர்களுக்கும் அதைவிட அதிக நேரம் படித்தவர்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

கல்வி அதிகாரிகள் கொதித்துப்போனார்கள். எழுத்துக்கூட்டல் பாடம் பிழையில்லாமல் எழுதுவதற்காக அல்லவாம், மனத்தைப் பண்படுத்துவதற்காம். அதைப் போய்த் தேர்வு வைத்து அளப்பதா என்றார்கள். வகுப்பு சிரிக்கும், சிரிக்கட்டும். பிறகு நிதானமாகக் கேள்: ரைஸ் சொன்னதை மட்டும் அப்படியே நம்பிவிடலாமா? பிள்ளைகள் தப்பும் தவறுமாக எழுதிய பள்ளிகள்தான் பயந்துபோய் அதிக நேரம் ஒதுக்கியிருந்தால்? யாராவது ஒருவர், "அப்படியானால் ஒரே மாதிரிப் பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து..." என்று இழுப்பார். உன் மூன்றாம் வாரப் பாடத்தை அவரே ஆரம்பித்து வைத்துவிடுவார்.

அப்படிப் பிரித்தும் பார்த்திருக்கிறார்கள். 1985-ல் அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தில் பிள்ளைகளையும் ஆசிரியர்களையும் குலுக்கல் முறையில் வகுப்புகளுக்கு அனுப்பினார்கள். ஒருபக்கம் 13 முதல் 17 பேர், மறுபக்கம் 22 முதல் 25 பேர். சிறிய வகுப்புப் பிள்ளைகள் நன்றாகப் படித்தார்கள். 1996-ல் கலிபோர்னியா அதைப் பார்த்து மாநிலம் முழுக்க வகுப்புகளைச் சிறிதாக்கியது. ஒரே நேரத்தில் அவ்வளவு ஆசிரியர்களுக்கு எங்கே போவது? அனுபவமும் தகுதியும் குறைந்தவர்களை எடுக்க வேண்டி வந்தது, அறைகளும் போதவில்லை. எதிர்பார்த்த பலன் தெளிவாகக் கிடைக்கவில்லை. டென்னஸி ஆய்வு பொய்யா? இல்லை. இந்த 'இல்லை'க்குக் காரணம் சொல்ல உன் மாணவர்களை ஒரு மணி நேரமாவது திணற விடு. அங்கே அவசரப்பட்டு நீ உதவிக்குப் போகாதே.

கல்வி ஆராய்ச்சி தனித் துறையா, இல்லை உளவியலிடமும் சமூகவியலிடமும் கடன் வாங்கிய சரக்கா என்று யாராவது கேட்பார்கள். மற்றத் துறைக்காரர்கள் நம்மைப் பார்க்கும் பார்வை உனக்கே தெரியும். மழுப்பாமல் சொல்: கருவிகள் கடன்தான். ஆனால் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் லீ ஷுல்மன் 1986-ல் எழுப்பிய கேள்வியைக் காட்டு. பின்னங்கள் தெரிந்திருப்பது ஒன்று, பொதுவாகப் பாடம் நடத்தத் தெரிந்திருப்பது ஒன்று. அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டினால் ஐந்தில் இரண்டு என்று எழுதும் பிள்ளை எந்த நினைப்பில் அப்படி எழுதுகிறது, அதற்கு எந்தப் படத்தை வரைந்து காட்டலாம் என்று தெரிந்திருப்பது மூன்றாவதாக இன்னொன்று. இந்த மூன்றாவதைத் தேடிக் கணிதத் துறையும் போகாது, உளவியல் துறையும் போகாது. எனக்கு இந்தப் பதில் போதும்.

பாடத்திட்டத்தில் நேர்காணல், களக்குறிப்பு எல்லாவற்றையும் கடைசி வாரத்தில் திணித்திருக்கிறாய். முன்னால் கொண்டுவா. கருத்துக் கேட்கும் வினாப்பட்டியல் தயாரிப்பைக் குறைத்தாலும் குடிமுழுகிப்போகாது. நேரம் போதாமல் எல்லாரும் வினாப்பட்டியலிலேயே வந்து ஒதுங்குவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

ஒரே ஒரு வேலையை முதல் வாரமே கொடுத்துவிடு. அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ செய்தது. ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று அளந்தார். பெரும்பாலும் ஒரு நொடிதான். மூன்று நொடி பொறுத்தால் பிள்ளைகளின் பதில் நீளமாகிறது, "தெரியாது" குறைகிறது. உன் மாணவர்கள் ஏதாவது ஒரு வகுப்பின் பின்பெஞ்சில் போய் உட்கார்ந்து செல்போனில் நொடி எண்ணட்டும். எங்கிருந்து எண்ண ஆரம்பிப்பது, ஆசிரியர் அதே கேள்வியை மாற்றிக் கேட்டால் அது புதுக் கேள்வியா, திரும்பி வந்ததும் இதில்தான் சண்டை போடுவார்கள்.

ஒருவரை உன் வகுப்பிலேயே உட்கார்ந்து உன் நொடிகளை எண்ணச் சொல். என்னுடையதை ஒருமுறை ஒரு மாணவி எண்ணினாள். ஒரு நொடிகூட இல்லை. உன்னுடையது எவ்வளவு என்று எழுது.

அன்புடன்,
அம்மா