கோட்டிங்கன்ல இருந்து மாப்ளைக்கு

மாப்ள,

எப்படிடா இருக்க. பாப்பா காது குத்து போட்டோ பாத்தேன், உன் தொப்பையும் பாத்தேன், சரி அத விடு.

போன தடவ கேட்டியே, வெள்ளக்காரப் பசங்களுக்கு ஜெர்மனில என்னடா கஷ்டம், அவனுங்க ஊரு மாதிரிதானனு. நானும் அப்படித்தான் நெனச்சேன், இப்ப எங்க ஷேர் வீட்டுல அக்டோபர்ல இருந்து அமெரிக்கா ஒஹையோப் பையன் ஒருத்தன் இருக்கான், அவனப் பாத்தா நம்மளே பரவாயில்லடா. அணுகுண்டு விஞ்ஞானி ஓப்பன்ஹைமர் 1927ல இங்க கோட்டிங்கன்லதான் பிஎச்டி முடிச்சாரு, அதக் கேட்டுட்டு பிசிக்ஸ் படிக்க வந்துட்டான். டியூஷன் ஃபீஸ் கிடையாது, அதுவும் ஒரு காரணம்.

மொத வாரமே கிளாஸ் 1வது மாடினு போட்டிருக்க, இவன் தரைத்தளத்துல நின்னுட்டு இருந்தான். அவங்க ஊர்ல கீழ் தளமே ஒண்ணாவது மாடியாம். பத்து மணி கிளாஸ்னா இங்க பத்தே காலுக்குத்தான் ஆரம்பிப்பாங்க, இவன் ஒம்போது அம்பதுக்கே போய் தனியா உக்காந்துட்டான். கிளாஸ் முடிஞ்சதும் எல்லாரும் மேசைய தட்டுனாங்களாம், சண்டையோனு பயந்துட்டான், அதான்டா இங்க கைதட்டல். மொத ஞாயித்துக்கெழம கட எல்லாம் மூடிக் கெடக்க, பசியோட வந்து என் ரசத்த சூப்பு மாதிரி குடிச்சான்.

அப்பறம் மார்க்கு கத. சின்ன டெஸ்ட் ஒண்ணுல 4.0 வந்துச்சு, வீட்டுக்கு போன் போட்டு ஒரே சந்தோஷம். அவங்க ஊர்ல 4.0னா உச்சம், இங்க 1.0 தான் உச்சம், 4.0னா ஜஸ்ட் பாஸு, 5.0 ஃபெயிலு. நான்தான் சொல்ல வேண்டியதாப் போச்சு, அன்னிக்கு சாப்பிடல பாவம்.

ஆனா அவன உண்மையா ஆட்டிப் பாத்தது அது இல்ல. ஊர்ல வாரா வாரம் ஹோம்வொர்க், குவிஸ், மிட் டெர்ம்னு சேத்து சேத்து கிரேடு போடுவாங்களாம், இங்க பல பாடத்துக்கு கடைசில வர்ற ஒரே பரீட்சதான், நீ வந்தியா படிச்சியானு ஒருத்தனும் கேக்க மாட்டான், கட்டாயப் பாடத்துல பெரும்பாலும் மூணு வாட்டி கோட்ட விட்டா அந்த கோர்ஸே ஜெர்மனில எங்கயும் படிக்க முடியாது. ஒரே பரீட்சைல தலையெழுத்துனா நமக்கு ப்ளஸ் டூலயே பழக்கம். அவன் ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு நடக்குறான்.

ஒண்ணுல மட்டும் எனக்கு வயித்தெரிச்சல். பாஸ்போர்ட்ட மட்டும் தூக்கிட்டு வந்து எறங்கிட்டான், அமெரிக்காக்காரன்னா தங்குற பர்மிட்டுக்கு இங்க வந்து 90 நாளுக்குள்ள அப்ளை பண்ணிக்கலாம். நான் விசாவுக்கு எத்தன மாசம் காத்துக் கெடந்தேன்னு உனக்குத் தெரியும். செலவுக்கு காசு இருக்குனு காட்டுற பிளாக்டு அக்கவுண்ட்ல வருஷத்துக்கு 11,904 யூரோ போட்டு மாசம் 992 தான் எடுக்கலாம்னதும், என் காசுக்கு என்ன கட்டுப்பாடுனு குதிச்சான், நான் எங்கப்பா வயல அடமானம் வெச்சத சொன்னேன், கம்முனு ஆயிட்டான்.

பரீட்ச 07.02. னு போட்டிருந்தத அவங்க ஊர் மாதிரி மாசத்த மொதல்ல வெச்சு ஜூலை 2னு படிச்சு ஜாலியா சுத்திட்டு இருந்தான், பிப்ரவரி 7டானு போன வாரம்தான் தெரிஞ்சுது. இப்ப கிச்சன்ல பழைய கேள்வித்தாள பரப்பி வெச்சு, இது வரும் இது வராதுனு டிக் போட்டுக் குடுக்குறேன், நம்ம ட்யூஷன் சார் செஞ்ச மாதிரியே.

பருப்புப்பொடி அனுப்புடா, டப்பால பாதிய அவனே தின்னுட்டான்.